என் வீட்டு அரிசிக்கு மூன்று விசில்

கர்த்தருக்குள் அன்பான உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. சாட்சி சொல்கிறவர்கள் வழக்கமாகத் தங்கள் வியாதியிலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் ஒரு குக்கரிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் சுகந்தி. சேலையூரில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்ற பிறகும் சபையில் எல்லாருக்கும் நான் டீச்சர்தான். என் கணவர் ஆண்டவருக்குள் நித்திரையடைந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகன், பெங்களூரில் வேலை. வீட்டில் நானும் என் சர்க்கரை மாத்திரைகளும்தான்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கேம்ப் ரோடு சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போதே ஹாரன் அடிப்பவர்கள், இரவல் வாங்கிய பேப்பரைப் பக்கம் மாற்றி மடித்துத் தருபவர்கள், ஆராதனை பாதி முடிந்த பிறகு வந்து முதல் வரிசை வரை செருப்புச் சத்தத்தோடு நடப்பவர்கள், இவர்கள் எல்லாருக்காகவும் நான் ஜெபித்திருக்கிறேன். அது ஜெபமா புகாரா என்று அப்போது யோசித்ததில்லை.

தினமும் காலை ஐந்தேகாலுக்கு, போதகரின் மனைவியான போதகரம்மாவும் நானும் உட்பட எங்கள் சபைப் பெண்கள் ஒன்பது பேர் போனில் கான்ஃபரன்ஸ் காலில் கூடி அரை மணி நேரம் ஜெபிப்போம். நடத்துவது நான். முதலில் ஒரு பாட்டு. பிறகு ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். கூப்பிட்டவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் மியூட்டில் இருக்க வேண்டும். அது நான் போட்ட சட்டம். ஒன்பது வீட்டு மிக்சியும், ஒன்பது வீட்டிலும் வாய் கொப்பளிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தால் யாரால் ஜெபிக்க முடியும், நீங்களே சொல்லுங்கள்.

கிரேஸ் மட்டும் அந்தச் சட்டத்துக்கு அடங்கவே மாட்டாள். இரண்டு தெரு தள்ளி வீடு. பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை. ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால்தான் தாம்பரத்தில் ரயிலைப் பிடிக்க முடியும். அதனால் எங்கள் ஜெப நேரமும் அவள் சமையல் நேரமும் ஒன்றுதான். கையில் கரண்டி இருக்கும், மியூட் போட மாட்டாள். நாங்கள் தேசத்துக்காகக் கண்ணீரோடு மன்றாடிக்கொண்டிருப்போம், அவள் வீட்டு குக்கர் கத்தும். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்... யோவ், பால் பொங்குது பாரு" என்பாள் ஒரே மூச்சில். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னிடம் ஒரு ஜெபக் குறிப்பு நோட்டு உண்டு. அதில் மூன்றாவது வரியில் எழுதியிருந்தேன்: கிரேஸ் ஒழுங்குக்கு வர வேண்டும், அல்லது அவளாகவே விலக வேண்டும். ஐந்து மாதம் தவறாமல் அதற்காக ஜெபித்தேன். ஐயோ, இதை உங்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்லும்போது காது கூசுகிறது.

நோட்டில் எழுதாத ஜெபம் ஒன்றும் இருந்தது. எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்த ஒருவர் இறந்துபோனது இரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரிந்தது. கேட்டில் பால் பாக்கெட் சேர்ந்து தொங்குவதைப் பார்த்துப் பால் போடுபவர்தான் சொன்னார். அன்றிலிருந்து கதவைத் தாழ் போடும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேட்டுதான் நினைவுக்கு வரும், பயமாக இருக்கும். "ஆண்டவரே, உமக்குச் சித்தமானபோது எடுத்துக்கொள்ளும். ஆனால் நான் விழுந்தால் ஒருத்தருக்காவது தெரிய வேண்டும்" என்று மட்டும் கேட்பேன். மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பெட்டியைக் கட்டு என்பான். சபையிலும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தைரியம் சொல்கிற டீச்சருக்கே பயம் என்று எப்படிச் சொல்வது?

போன மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. மறுநாள் சபையில் பெண்கள் உபவாச ஜெபம். அதற்காகப் புதன் ராத்திரியிலிருந்தே நான் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். பசியா கோபமா தெரியவில்லை, கிரேஸ் வீட்டு குக்கர் கத்தியதும் போதகரம்மா ஜெபித்துக்கொண்டிருந்ததைக்கூடப் பார்க்காமல் குறுக்கே பேசிவிட்டேன்.

"கிரேஸ், நாளையிலிருந்து அடுப்பை அணைச்சிட்டு ஜெபத்துக்கு வர்றதுன்னா வா. இல்லேன்னா வரவே வேண்டாம்."

எட்டுப் பேரும் கேட்டார்கள். "சரி டீச்சர், இனிமே சத்தம் வராது" என்றாள் கிரேஸ். குரல் உள்ளே போயிருந்தது. மூன்றாவது வரி நிறைவேறிவிட்டது என்று நோட்டில் ஒரு டிக் போட்டேன்.

இப்போது என் முட்டாள்தனத்தைக் கேளுங்கள். சாப்பிடாமல் இருந்தேனே தவிர, வியாழன் இரவும் வெள்ளி விடியற்காலையும் சர்க்கரை மாத்திரையை வெறும் தண்ணீரில் விழுங்கினேன். மாத்திரை சாப்பாடு ஆகுமா, அதனால் உபவாசம் முறியாது என்பது என் கணக்கு. கணக்கு டீச்சர் போட்ட கணக்கு அது.

உபவாச ஜெபம் முடிந்ததும் எல்லாரும் சாப்பிட அன்று தயிர்சாதம் கொண்டுபோவது என் முறை. சோறு ஆற வேண்டும், எனவே சீக்கிரமே சமைத்தாக வேண்டும். ஐந்து மணிக்குக் கேட்டில் தொங்கிய பையிலிருந்து பாலை எடுத்துக்கொண்டு வந்து, அரிசி களைந்து, ஐந்தேகாலுக்குக் குக்கரை அடுப்பில் ஏற்றினேன். ஆமாம், ஜெப நேரத்தில்தான். மியூட் போட்டுவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். முதல் நாள் அவளை அத்தனை பேர் முன்னால் வைது முடித்த அதே நான்.

பாட்டுப் பாடினோம். முதல் பெயராகப் போதகரம்மாவைக் கூப்பிட்டேன். குக்கர் முதல் விசில் விடுவதற்குள் மியூட் போட வேண்டும் என்று போனுக்குக் கை நீட்டியது நினைவிருக்கிறது. விரல்கள் நடுங்கின, உடம்பெல்லாம் வியர்த்தது. சமையல் மேடை சாய்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் போதகரம்மா எனக்குச் சொன்னார். லைனில் குக்கர் விசில் கேட்டதாம். கிரேஸ் வீடுதான் என்று எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். போதகரம்மா ஜெபித்து முடித்தும் அடுத்த பெயரைக் கூப்பிட நான் வரவில்லை. ஒரு சகோதரி, "டீச்சருக்கு நெட்வொர்க் போயிருக்கும், நாம தொடரலாம்" என்றாராம். ஆனாலும் விசில் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் போதகரம்மாவே, "கிரேஸ், அடுப்பைக் கொஞ்சம் பாரும்மா" என்றிருக்கிறார்.

அதுவரை மியூட்டில் இருந்த கிரேஸ் அப்போதுதான் பேசினாளாம். "எங்கூட்ல இன்னும் அடுப்பே பத்த வெக்கலம்மா. இது டீச்சர் வூட்டு குக்கரு. அஞ்சாவது விசில் போய்கினு கீது. டீச்சர் மூணுக்கு மேல உட மாட்டாங்க. இன்னாவோ ஆயிப்போச்சு." இவ்வளவுதான் சொன்னாளாம். அடுத்த நொடி அவள் லைனில் இல்லை.

அது என் குக்கர் சத்தம் என்பதும், என் வீட்டு அரிசிக்கு மூன்று விசில் என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? என் கணவர் இறந்த வாரம் ஏழு நாளும் வேலைக்குப் போவதற்கு முன்னால் வந்து என் வீட்டில் அதே குக்கரில் சமைத்து வைத்துவிட்டுப் போனவள் அவள். அந்தத் துக்கத்திலும் நான் உள்ளறையிலிருந்து, "நாலு விசில் விடாதே, குழைஞ்சிடும், எங்க அரிசிக்கு மூணு போதும்" என்று சத்தம் போட்டிருக்கிறேன். நான் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மழைத் தூறலில் ஓடி வந்திருக்கிறாள். பாலை எடுத்த பிறகு நான் உள்தாழ் போடாமல், சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டோடு கதவை விட்டிருந்தேன். மாடியில் இருக்கும் வீட்டு ஓனர் விசாலம் அம்மாவை எழுப்பி, மாற்றுச் சாவி வாங்கித் திறந்தார்கள். முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அடுப்புக்குக் கீழே சுவரோடு சரிந்து கிடந்தேனாம். சர்க்கரையைத் தேடி டப்பா டப்பாவாகத் திறந்திருக்கிறாள். சர்க்கரை வியாதிக்காரி வீட்டில் சர்க்கரை ஏது? விசாலம் அம்மா மாடியிலிருந்து கொண்டுவந்து தர, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, விரலில் தொட்டுத் தொட்டு என் கன்னத்தின் உட்புறம் தடவியிருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள் நான் லேசாக முனகினேனாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பிடிபிடியென்று பிடித்தார். "சாப்பிடாம மாத்திரை போட்டா சர்க்கரை ஒரேயடியா இறங்கிடும். உபவாசம் இருக்கிறதா இருந்தா மாத்திரையை என்ன பண்றதுன்னு முதல்ல எங்களைக் கேளுங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரம் ஆகியிருந்தா நான் உங்ககிட்ட பேசிட்டிருக்க மாட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக என்று என் மகன் இன்றைக்கும் கிண்டல் செய்கிறான்.

கட்டில் பக்கத்தில் ஈரத் துண்டோடு கிரேஸ் உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்பது தாண்டிவிட்டது. அவள் ரயில் எப்போதோ போயிருக்கும்.

"வேலைக்குப் போகலையா?" என்றேன். முதலில் கேட்க வேண்டியது அதுவா?

"போன் பண்ணி சொல்லிட்டேன் டீச்சர். நீங்க ஒண்ணியும் பேசாதீங்க, படுங்க."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நேத்து உன்னை அப்படிப் பேசிட்டேன் கிரேஸ். என்னை மன்னிச்சிரு."

"அத்த உடுங்க டீச்சர்" என்றாள். தன் ஈரத் துண்டின் முனையைப் பிழிந்தாள். பிறகு, "எனக்கும் நேத்து ரோசம் வந்துச்சு. லைனுக்கே வரக்கூடாதுன்னுதான் இருந்தேன். காலைல மனசு கேக்கல. அடுப்பும் பத்த வெக்காம, வாயும் தொறக்காம கம்முனு உக்காந்துகினு இருந்தேன்" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இவள் அன்று வராமல் இருந்திருந்தால்? நான் இத்தனை மாதம் கேட்டதே அதைத்தானே. அந்த ஜெபத்துக்கு ஆண்டவர் கொடுத்த பதில் 'இல்லை'. அந்த 'இல்லை'க்காக அவரை எத்தனை தடவை ஸ்தோத்திரித்தாலும் போதாது. யாரிடமும் சொல்லாத மற்ற ஜெபத்தை அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நான் விழுந்தேன், ஒருத்திக்குத் தெரிந்தது.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். கோச்சிக்கக் கூடாது" என்றாள் கிரேஸ். "உங்க குக்கரு அடி புடிச்சி கரிக்கட்ட ஆயிப்போச்சு."

அத்தனை பேர் இருந்த வார்டில் இரண்டு பேரும் சிரித்தோம். நர்ஸ் வந்து அதட்டினார்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது வரியை அடிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. பார்த்து வெட்கப்படுவதற்காக வைத்திருக்கிறேன். என் கோபமும் முழுசாகப் போய்விடவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கேம்ப் ரோடு ஹாரன் சத்தத்துக்கு இன்றும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் என் பயத்தைச் சபையில் எழுந்து சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, எங்கள் ஒன்பது பேரில் மூன்று பேர் தனியாக இருப்பவர்கள், மூன்று பேருக்கும் அதே பயம். இப்போது ஒருவர் வீட்டு மாற்றுச் சாவி இன்னொருவரிடம் இருக்கிறது. என் வீட்டுச் சாவி கிரேஸிடம்.

நீங்களும் என்னைப்போலக் கதவைத் தாழ் போடும்போது பயப்படுகிறவராக இருந்தால், அதை ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார்.

மியூட் சட்டத்தை நானே எடுத்துவிட்டேன். விடியற்காலை ஐந்தேகாலுக்கு ஒன்பது வீட்டுச் சத்தமும் ஒன்றாக லைனில் வருகிறது. ஒரு வீட்டு மிக்சி, ஒரு வீட்டு இருமல், எங்கேயோ கொப்பளிக்கும் சத்தம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணுகிறேன். கிரேஸ் வீட்டு குக்கர் இன்னும் கத்தாவிட்டால் நான் ஜெபத்தை ஆரம்பிப்பதில்லை. "கிரேஸ், எங்கேம்மா இருக்கே?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன்.