மணியம்மா வாயன்

குருசுக்குப்பத்துக் கன்னியம்மாள் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் லாஸ்பேட்டைக் கல்லூரி ஒன்றில் அவளைச் சேர்த்துக்கொள்ளாத துறையே கிடையாது. பொருளாதாரத்துக்கு அவள் சிறுவணிகர், உளவியலுக்கு மன அழுத்தம், சமூகவியலுக்கு விளிம்புநிலை. இயற்பியல் பிள்ளைகள் ஒருநாள் அவள் மீன் கூவும்போது வாய்க்கு நேரே ஒரு கருவியை நீட்டி, எண்பத்தெட்டு டெசிபல் என்று குறித்துக்கொண்டு போனார்கள்.

கடைசி வருடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஆராய்ச்சி செய்தே ஆகவேண்டும் என்று கல்லூரியில் விதி வந்தாலும் வந்தது, ஜனவரி பிறந்தால் குப்பத்தில் மீனைவிடக் கேள்வித்தாள்தான் அதிகம் கரை ஒதுங்கியது. கைடுகள் என்கிற பேராசிரியர்கள் வழிகாட்டுவார்கள். அந்த வழி நேராகக் கன்னியம்மாள் வாசலில் வந்து முடியும். தெருவில் முதல் வீடு, வாசலில் வேப்பமர நிழல். ஆராய்ச்சிக்கு வேறென்ன வேண்டும்?

நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டு மணியம்மாளோடு பெரிய சண்டை. அன்று மத்தியானம் பார்த்து விலங்கியல் மாணவன் ஒருவன் நாற்பது மீன் படங்களோடு வந்தான். இது என்ன மீன், அது என்ன மீன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். முப்பத்தொன்பதாவது படம் தும்பிலி. வாய் காதுவரை கிழிந்து, உள்ளே வரிசை வரிசையாகப் பல். கன்னியம்மாளுக்குக் காலையில் பார்த்த வாய் ஞாபகம் வந்துவிட்டது.

"மணியம்மா வாயன்னு எழுதிக்கோ," என்றாள்.

எழுதிக்கொண்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். கன்னியம்மாள் கெட்டது தும்பிலியின் வாயால்.

அடுத்த வருடத்துப் பிள்ளைகள் வெயிலில் எதற்கு அலைவது என்று முந்தைய ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதினார்கள். அதைப் பார்த்துத் தமிழ்த்துறை, மணியம்மா என்பவள் மீனவரைக் காத்து மறைந்த கடல் தெய்வம் என்று கண்டுபிடித்தது. பெண்ணியல் துறை அந்தப் பெயரில் ஆணாதிக்கத்தைக் கண்டு கொதித்தது. கணினித் துறை அதைச் செயலியில் ஏற்றியது. பல்துறை ஆராய்ச்சி என்றால் இதுதான் போலும். இவ்வளவுக்கும் அந்தத் தெய்வம் அடுத்த வீட்டில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் கன்னியம்மாளின் மகள் கலைமகளுக்கு அதே விலங்கியலில் கடைசி வருடம். தன் குப்பத்து மீன்களின் ஊர்ப் பெயர்களைத்தான் ஆராய்ச்சிக்கு எடுத்தாள். தும்பிலி என்று எழுதினாள். கைடு தெய்வசிகாமணி சிவப்பு மையால் அதை அடித்து 'மணியம்மா வாயன்' என்று திருத்தினார். மாற்றாவிட்டால் கையெழுத்துக் கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்து இல்லாவிட்டால் வைவா இல்லை, வைவா இல்லாவிட்டால் டிகிரி இல்லை.

"பொய்ய எழுதிட்டு எனக்கு டிகிரி வாணாம்மா," என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்டாள் கலைமகள். "எந்த முண்டம் இந்தப் பேர சொல்லிச்சோ!"

கன்னியம்மாள் அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான்தான்டி அந்த முண்டம்."

மறுநாள் பையில் ஒரு தும்பிலியைப் போட்டுக்கொண்டு மகளின் ஸ்கூட்டியில் லாஸ்பேட்டைக்குப் போனாள். தெய்வசிகாமணி நல்ல மனிதர். கரையோர மீன்களில் பத்து வருட வல்லுநர். மீன் வாடை ஒத்துக்கொள்ளாததால் ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார்.

"சார், அது ஏதோ கோவத்துல சொன்ன பேரு. இதுக்குப் பேரு தும்பிலி."

"ஆதாரம் இருக்காம்மா?"

"சொன்னதே நான்தான் சார்."

அவர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டினார். "தகவலாளி எண் பதினேழு. முப்பது வருட அனுபவம், மிகவும் நம்பகமானவர்னு போட்டிருக்கு. அவங்க சொன்னத நீங்க வந்து பொய்னா எப்படிம்மா?"

"அந்தப் பதினேழே நான்தான் சார்."

"நீங்க இப்ப மாணவியோட அம்மா. உங்க பேச்ச எடுத்துக்க முடியாது."

கலைமகளுக்குப் பொறுக்கவில்லை. "சார், இதோட சயின்ஸ் பேரே சவுரிடா தும்பில்தான சார்?"

"அது லத்தீன்மா," என்றார் வல்லுநர்.

கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். அதே குப்பத்தில், அதே அனுபவமுள்ள, உறவில்லாத ஒரு பெண் கையெழுத்துப் போட்டால் ஏற்றுக்கொள்வாராம்.

வெளியே வந்ததும் கன்னியம்மாள் கேட்டாள். "அந்த லத்தீன் பேர யாருடி வச்சது?"

"எரநூறு வருசத்துக்கு முன்னால எவனோ வெள்ளக்காரன். கரையில யாரையாவது கேட்டிருப்பான்."

"கேட்டவனுக்கு நம்ம ஆளு எவனோ ஒழுங்கா சொல்லியிருக்கான் பாரு," என்றாள் கன்னியம்மாள். ஸ்கூட்டியில் வீடு வரும்வரை அவளுக்கு வெட்கமாக இருந்தது.

உறவில்லாத பெண்ணுக்கு எங்கே போவது? குப்பத்தில் கல்லை எறிந்தால் மாமன் மச்சான்மேல்தான் விழும். அரியாங்குப்பம் பக்கமிருந்து வந்து குடியேறிய ஒரே ஒரு வீடுதான் சொந்தத்தில் சேராதது. மணியம்மாள் வீடு.

நாலு வருடம் மிதிக்காத அந்த வாசலில் நின்று கன்னியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். தெய்வம், ஆணாதிக்கம், செயலி, ஒன்றையும் விடவில்லை. மயிர்ப்பிடிச் சண்டைக்குத் தயாராகக் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டுதான் போயிருந்தாள்.

மணியம்மாள் கையிலிருந்த நெத்திலி முறத்தைக் கீழே வைத்தாள். "எம்பேரு காலேஜு புக்குல கீதா?"

"ஆமா."

"எத்தினி புக்குல?"

"ஏழெட்டு இருக்கும்."

"அப்புறம் ஏன்டி அழிக்கச் சொல்ற? எங்க ஊட்டுக்காரரு போட்டுக்குக்கூட அவங்கம்மா பேரதான் வச்சாரு. ரேசன் கார்ட வுட்டா எம்பேரு வேற எங்கடி கீது?"

கன்னியம்மாள் சிரிக்கத்தான் நினைத்தாள், முடியவில்லை. அவள் வீட்டுப் படகிலும் மாமியார் பேர்தான்.

பேசிப் பேசிப் பொழுது சாயும்போது உடன்பாடு வந்தது. முதலில் தும்பிலி. பக்கத்தில், 'மணியம்மா மீன் என்றும் வழங்குவர்'. வாயனை எடுத்துவிட வேண்டும். மணியம்மாள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, கட்டத்துக்கு வெளியேயும் வழியக் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை தெய்வசிகாமணியும் போட்டார். களத்தில் தாமே நேரில் சரிபார்த்ததாக ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார்.

கலைமகள் பாஸாகிவிட்டாள். மணியம்மாள் சும்மா இருப்பாளா? பெரிய மார்க்கெட்டில் கன்னியம்மாளுக்கு அடுத்த இடம் அவளுடையது. மறுநாளே தும்பிலியைக் குவித்து வைத்து, "மணியம்மா மீனு, காலேஜு புக்குல வந்த மீனு" என்று கூவ ஆரம்பித்தாள். ஜனம் மொய்த்தது. கன்னியம்மாளிடமும் வந்து மணியம்மா மீன் இருக்கா என்று கேட்டார்கள். தும்பிலி இருக்கு என்றாள். வேண்டாம் என்று நகர்ந்தார்கள். மூன்று நாள் அவள் கூடைத் தும்பிலி கருவாட்டுக்குத்தான் போனது.

நாலாம் நாள் கன்னியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு எண்பத்தெட்டு டெசிபலில் கூவினாள்.

"மணியம்மா மீனேய்!"