மீட்டர் காட்டிய பன்னிரண்டு

தோல் தொழிற்சாலையில் பஃபிங் மிஷினில் பதினெட்டு வருஷம் தோல் தேய்த்ததில் தூசு முழுக்க அண்ணனின் நெஞ்சில் இறங்கிவிட்டது. மருந்தைப் புகையாக்கித் தரும் நெபுலைசர் பெட்டி இருந்தால்தான் அவனுக்கு மூச்சு.

ஒரு சனிக்கிழமை கரண்ட் ஏறி இறங்கியதில் அதன் அடாப்டர் கருகிவிட்டது. "வேலூர் போயி புதுசு வாங்கியாந்துடலாம்மா" என்றாள் அண்ணி. "எதுக்கு அண்ணி? நானே செய்றேன்" என்றேன். போனில் வீடியோ பார்த்து எலெக்ட்ரானிக்ஸ் பழக ஆரம்பித்திருந்த நேரம். தலைக்கனம்தான், வேறென்ன. வாயில் அடிக்கும் இன்ஹேலர் பம்ப் காலியாகும்வரை அண்ணன் சமாளிப்பான் என்று கணக்குப் போட்டேன்.

ஞாயிறு முழுக்க அடாப்டர் செய்ய உட்கார்ந்தேன். டிரான்ஸ்பார்மர் வீட்டுக் கரண்டைக் குறைக்கும். நான்கு டையோடுகள் அதை ஒரே திசையில் ஓடவைக்கும். கெப்பாசிட்டர் மேடுபள்ளத்தை நிரவும். மூன்று கால் ரெகுலேட்டர் பன்னிரண்டு வோல்ட்டில் பிடித்து நிறுத்தும். மீட்டர் வைத்தேன், சரியாகப் பன்னிரண்டு. குதித்தேன். பெட்டியில் மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் அப்போதுதான் கண் அயர்ந்திருந்தான், சத்தத்தில் எழுந்துவிடுவான் என்று விட்டுவிட்டேன்.

ஷூ கம்பெனியில் என் வேலையே தோலைச் சோதிப்பது. மேஜையில் விரித்துப் போட்டால் எல்லாத் தோலும் நல்ல தோல்தான். மடித்து, அழுத்தி, இழுத்தால்தான் மேற்பூச்சு வெடிப்பது தெரியும். திங்கட்கிழமை காலை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அண்ணி போன் செய்தாள். "பொட்டி முக்குது, புகையே வர்ல. பம்ப்பும் தீந்துபோச்சு. உங்க அண்ணனுக்கு மூச்சு முட்டுது, சீக்கிரம் வா."

நான் போவதற்குள் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். வழியிலேயே உயிர் போய்விட்டது.

காரியம் முடிந்த மறுநாள் பெட்டியை மாட்டி, ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்தேன். பன்னிரண்டு சரிந்து ஏழில் நின்றது. ரெகுலேட்டர் தொட முடியாமல் சுட்டது. வோல்ட்டை மட்டும் பார்த்த நான், பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பார்க்கவே இல்லை. சும்மா கிடந்தபோது அடாப்டர் காட்டிய எண்ணை நம்பி அண்ணனை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

அடாப்டரிலிருந்து பெட்டியைக் கழற்றினேன். மீட்டர் மறுபடி பன்னிரண்டுக்கு ஏறியது. பின்னால் அண்ணி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அதுவரை அவள் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. மீட்டரைக் குனிந்து பார்த்தாள்.

"இப்பவும் பன்னெண்டுதானே காட்டுது? அப்புறம் அன்னிக்கு ஏம்மா ஓடல?"