கேம்பிரியனைத் தலைகீழாக்கிய டைப்பிஸ்ட்

வஜ்ஜிரப் பசை காய்ச்சும் வாடை... அறுபதுகளில் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு கல்லூரியின் ஜியாலஜி டிபார்ட்மென்டில் நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்ததை நினைத்தால் முதலில் அதுதான் மூக்கில் ஏறுகிறது.

எனக்குப் பத்தொன்பது வயது. ப்ரொபேஷன் முடியவில்லை. அப்பா கண் ஆபரேஷனுக்குப் பிறகு வேலையை விட்டிருந்தார். வீட்டில் சம்பளம் என்று வந்தது என்னுடையது மட்டும்.

வண்ணத்தில் கலக்க அந்தப் பசையைக் காய்ச்சுகிறவர் சுப்பையா அண்ணன், அங்கே பெயின்டர். திருநெல்வேலிப் பக்கம், தாராவியில் குடும்பம். இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எழுத்தைப் பார்த்தால் போதும், அச்சு மாதிரி வரைந்துவிடுவார்.

கண்காட்சிக்காகப் பூமியின் காலங்களையெல்லாம் ஒரு நீளத் துணியில் எழுதித் தொங்கவிடச் சொன்னார் ப்ரொபசர். பட்டியலை டைப் செய்தது நான். பாறை அடுக்கில் பழையது அடியில் கிடக்கும், புதியது மேலே. அதே வரிசை வேண்டும் என்று சொல்லியிருந்தார். என் நோட்டிலும் அப்படியே குறித்திருந்தேன்.

நான் கவனிக்காமல் ஆகப் பழைய கேம்பிரியனை உச்சியில் அடித்துவிட்டேன்...

அண்ணன் நான்கு நாள் தரையில் மண்டியிட்டு அப்படியே வரைந்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை. துணியைப் பார்த்ததும், எல்லாம் தலைகீழ் என்று ப்ரொபசர் இந்தியில் கத்தினார்.

"உல்டா! சப் உல்டா கர் தியா!"

மாணவர்கள் முன்னால், அண்ணனை நாளையிலிருந்து வரவேண்டாம் என்றும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

நான் அடித்த தாள் அண்ணனின் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும். அவர் எடுக்கவில்லை.

நானும் கொஞ்ச நேரம் சும்மாதான் நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை. வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது...? பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஸார், மிஸ்டேக் என்னோடது."

நோட்டை வாங்கிப் பார்த்தார். வெளியே வந்து அண்ணனின் தோளில் கை வைத்து, "மாஃப் கரோ, பாயி" என்று மன்னிப்புக் கேட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேருமாகப் புதிதாக எழுதி முடிக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். அவ்வளவுதான்.

புதுத் துணியை விரித்தோம். நான் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் அடியிலிருந்து எழுதிக்கொண்டே வந்தார். கேம்பிரியன், ஆர்டோவிசியன், சைலூரியன்...

"ஏன்ணா அந்தப் பேப்பரக் காட்டல?"

"நீங்க புது ஆளுல்லா தங்கச்சி. எனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கந்தான். இங்க இல்லேன்னா வேற எடத்துல பிரஷ் புடிப்பேன்."

கொஞ்சம் கழித்து, "இந்தப் பம்பாய்க் கல்லு இதுல எங்க வருது?" என்று கேட்டார்.

"க்ரெட்டேஷியஸ் முடியற எடத்துலண்ணா. எரிமலைக் குழம்பு உறைஞ்சது."

"மனுசன்?"

துணியின் உச்சியைக் காட்டினேன். அவர் விரலை வைத்து அளந்தார்.

"இந்த வெரக்கட எடத்துல நின்னுக்கிட்டா அந்தச் சத்தம் போட்டாரு?"

காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை, சிரிப்பாக வந்துவிட்டது.

இருவருக்கும் வேலை போகவில்லை. அண்ணன் சில வருடம் கழித்து அம்பர்நாத்தில் ஒரு ஃபேக்டரிக்குப் போனார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை...

இப்போது என் மகளின் ஆபீஸில் ஒரு தவறு நடந்தால், யார் எப்போது எதை அனுப்பினார்கள் என்று ஒரு நொடியில் திரையில் வந்துவிடுமாம். நல்லதுதான். வீண் பழி இல்லை.

ஆனால் ஒருவர் பழியைத் தாங்கி இன்னொருவர் பேசாமல் நிற்க, ஒரு நிமிடம்கூட இப்போது யாருக்கும் கிடைப்பதில்லை.