காயாத பச்சை பெயிண்ட்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எங்கள் தொழிற்சாலையில் உற்பத்தி நடக்காது, குளிப்பாட்டல்தான் நடக்கும். மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கழற்றக்கூடியதையெல்லாம் கழற்றிப் பெயிண்ட் அடித்து, சாமி படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். செகந்திராபாத் ஓரத்தில் இருந்த அரசாங்கத் தொழிற்சாலை அது. எழுபதுகளின் நடுவில் நான் அங்கே ஃபிட்டராகச் சேர்ந்து ஏழெட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நல்ல பெயர் வாங்கும் ஆசையில் பவர் பிரஸ்ஸின் தடுப்பையும் கழற்றினேன். ஓடும் பிரஸ்ஸுக்குள் கை போகாமல் காக்கிற கம்பிவலை அது. பச்சை பெயிண்ட் இரண்டு கோட் அடித்தேன். ஃபோர்மன் பார்த்துவிட்டு சபாஷ் என்றார்.

விடுமுறை முடிந்து வந்த காலையிலும் பெயிண்ட் கையில் ஒட்டியது. தடுப்பை மத்தியானம் மாட்டலாம் என்று விட்டுவிட்டேன். பிரஸ் ஓட்டியவர் லாலாகுடாவில் எங்கள் தெருக்காரர். மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். பூஜையில் கும்பிடமாட்டார், ஆனால் பொரிகடலைப் பொட்டலத்தை முதலில் பிரிப்பவர் அவர்தான். தடுப்பு எங்கே என்று என்னைக் கேட்டார். இன்னும் காயவில்லை, பார்த்து ஓட்டுங்கள் அண்ணே என்றேன். ஃபோர்மனும் தடுப்பில்லாததைப் பார்த்துவிட்டுக் கடந்துபோனார். பதினோரு மணிக்குள், கோணலாக நின்ற தகட்டைச் சரிசெய்யப்போய், அவருடைய வலது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கும் போய்விட்டன.

தடுப்பை அடிபட்ட தொழிலாளியே கழற்றியிருந்தால் நஷ்டஈடு கிடையாது என்பது சட்டம். ஆகவே, கழற்றியது யார் என்பதுதான் விசாரணை. மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், நான்தான் கழற்றினேன் என்று எழுதிக் கொடுக்கப்போவதாக அவரிடம் சொன்னேன். என் வேலை போனாலும் பரவாயில்லை என்று வேறு சேர்த்துக்கொண்டேன். அதைச் சொல்லும்போது என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

அவர் மனைவி ஆரஞ்சுச் சுளையை வாயில் ஊட்டிக்கொண்டிருந்தார். முந்தின நாளே ஃபோர்மன் வந்துபோயிருந்தார். தானே கழற்றியதாக எழுதிய தாளில் இவர் ரேகை வைத்துக் கொடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக டூல் ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவார்களாம். இல்லாவிட்டால் இந்தக் கையோடு வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம்.

"நக்கோ தம்பி, வேணாம். நீ போய் நெசத்தச் சொன்னா ஒன் மனசு லேசாயிடும். ஃபோர்மன் மாட்டுவான், எனக்கு ஸ்டோர் வேலையும் போயிடும். மூணு புள்ளைங்க இருக்கு. சும்மா இரு."

நான் வாதாடியிருக்கலாம், யூனியனிடம் ஓடியிருக்கலாம். நஷ்டஈடு, வேலை இரண்டுமே அவருக்குச் சேரவேண்டியவைதான். எதுவும் செய்யவில்லை. ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அன்று வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நஷ்டஈடு வரவில்லை. ஃபோர்மன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று மாதத்தில் இவர் டூல் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தார். என் வேலையும் நிரந்தரமாயிற்று.

ஃபிட்டர் என்றால் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது அந்த ஜன்னலுக்குப் போகவேண்டும். ஸ்பானரோ அரமோ, அவரால் இடது கையால்தான் கொடுக்கமுடியும். யாருக்குக் கொடுத்தாலும், "இடது கை, தப்பா நெனைக்காதீங்க" என்பார். தெலுங்குக்காரர்களுக்குத் தெலுங்கில், மற்றவர்களுக்கு உருதுவில். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்கும் சொல்வார். பதினாலு வருஷம் நான் அந்தக் கையிலிருந்து வாங்கினேன். பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார், சிரித்துப் பேசுவார். என்னிடம் மட்டும் ஒருநாளும் அந்த மன்னிப்பைக் கேட்டதில்லை.