கரி தின்ற பஸ்ஸும் சங்ககிரி மேடும்

பிறர் புறப்படும் நேரத்துக்காகத் தன் நேரத்தை ஈடுவைத்தவனுக்குப் பெயர்தான் பஸ் முதலாளி. யுத்த காலத்தில் எடப்பாடிக்கும் சங்ககிரி ரயிலடிக்கும் இடையே ஓடிய என் ஒற்றை பஸ்ஸில் ஏறியும் இறங்கியும் தள்ளியும் அவதியுற்ற அன்பர்களே, நீங்கள் பட்டதை நானும் பட்டேன். பெட்ரோல் ரேஷன் கூப்பன் சுருங்கிவிட்டது. வேறு எரிபொருளில், ஆள் தள்ளாமல், சங்ககிரி மேட்டை ஏறிக் காட்டாவிட்டால் லைசென்ஸ் ரத்தாகும் என்று மோட்டார் இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். நான் கலங்கவில்லை. ஆண்டவனையும் அறிவேன், என் எஞ்சினையும் அறிவேன்.

மண்ணெண்ணெய்

பெட்ரோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். எஞ்சின் முனகிக்கொண்டே ஓடியது. புகையோ பின்புறம் போகாமல் உள்ளேயே குடியிருந்தது. ரயிலடியில் இறங்கிய நெசவுக்காரர் தம் வெள்ளை வேட்டி மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஏனுங்க சாமி, சாயம் போடறதுக்கு நாங்க பட்டறைக்குப் போவோமுங்க. நீங்க வார வழியிலயே போட்டுட்டீங்க."

ஸ்பிரிட்

சர்க்கரை ஆலையில் வடித்த ஸ்பிரிட்டை நண்பர் ஒருவர் முறைப்படி அனுமதி பெற்று வாங்கித் தந்தார். உண்மையைச் சொல்வதானால், பெட்ரோலுக்கு அடுத்தபடி அதுவே உத்தமம். கரிப்பிடிப்பில்லை; முனகலில்லை. ஆனால் எங்கள் ஜில்லாவில் அப்போது மதுவிலக்கு. பஸ் போன வழியெல்லாம் மணத்தது. பழைய குடிகாரர் ஒருவர் தம் ஊர் வந்தும் இறங்க மனமின்றிப் பின் சீட்டிலேயே கண்மூடி அமர்ந்திருந்தார்.

சாவடியில் போலீஸ்காரர் வண்டியை மறித்து ஒவ்வொருவர் வாயையும் மோந்து பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார். அனுமதிச் சீட்டைக் காட்டினேன். அவர் அதையும் ஒருமுறை மோந்துவிட்டுச் சொன்னார்: "உங்க நெத்தியில திருநீறு பளிச்சுனு இருக்குதுங்க சாமி. வண்டிதான் கெட்டுப்போச்சு."

கரி

ஸ்பிரிட் வரத்து நின்றதும் கரிக்கு வந்தேன். பின்புறம் ஆளுயர உருளை, அதில் கருவேலங்கரி, அடியில் தணல், கையால் சுழற்றும் ஊதுவிசிறி. தணலில் எழும் வாயுவே எஞ்சினுக்கு உணவு. உள்ளூரிலேயே கிடைப்பது, தட்டுப்பாடில்லாதது. இதுவே நிலைக்கும் என்று தீர்மானித்தேன். குறை ஒன்றுதான்: சமதரையில் குதிரை, மேட்டில் ஆமை. மேடு வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளவேண்டும். தோளைக் கொடுத்துத் தள்ளிய குடியானவர் ஒருவர் மூச்சு வாங்கியபடி கேட்டார்: "மாட்டு வண்டின்னா மாடு இழுக்குமுங்க. இதுல சீட்டும் வாங்கிப்போட்டு, மாடாவும் இருக்கோணுமா?"

மஞ்சள்நீர்

சோதனை நாளன்று மாரியம்மன் நோன்பு. இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மேட்டின் அடியில் ஊர்வலம் வழியை அடைத்திருந்ததால் வண்டி நின்றது. தீச்சட்டி ஏந்தி வருவோர் காலில் மஞ்சள்நீர் ஊற்றுவது எங்கள் பக்க வழக்கம். முதுகில் தணல் சுமந்து வந்த பஸ்ஸை ஓர் அம்மாள் பார்த்தார். குடத்தோடு வந்து, உருளையின் அடியில் காற்றுப் புகும் துளையில் கவிழ்த்துவிட்டார். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார்.

நான் இறங்கி, பதிகம் ஓதியபடியே விசிறியைச் சுழற்றினேன். முக்கால் பங்கு நீர் தரையில் ஓடிவிட்டது. மேல் தணல் அவியவில்லை. கிளப்பியதும் எஞ்சின் அதுவரை கேளாத குரலில் முழங்கியது. ஒருவரும் இறங்காமலே மேட்டை ஏறி முடித்தோம். கொதிதணலில் சிறிது நீராவி கலந்தால் வாயுவுக்கு வலு கூடும் என்பது விஞ்ஞானம். அதை அந்த வேளையில் அனுப்பியது யார் என்பது எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர், "தண்ணீரில் ஏறிற்று என்று எழுதினால் என் வேலை போய்விடும், கரியில் ஏறிற்று என்றே எழுதுகிறேன்" என்று கையொப்பமிட்டார்.

மறுநாளே உருளையில் சொட்டுநீர்க் குழாய் ஒன்று பொருத்தினேன். அந்த அம்மாளைத் தேடிச் சென்று, என் பஸ்ஸைக் காப்பாற்றியதற்கு நன்றி சொன்னேன். அவர் சொன்னார்: "பஸ்ஸக் காப்பாத்த ஆருங்க ஊத்துனா? நெருப்பச் சொமந்துட்டு வந்துச்சு, பாவம், காலு சுடுமேன்னு ஊத்துனனுங்க."

எல்லா எரிபொருளையும் ஊட்டிப் பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: எஞ்சின் எதையும் செரித்துவிடும், இருமுவது மட்டும் எப்போதும் பிரயாணிகள்தாம்.