சந்தனம் வைத்த கேசட்

வீடியோ கேம் தொழிலின் முன்னோடிகளைப் பற்றி எங்கே கட்டுரை வந்தாலும் விடாமல் படித்துவிடுவேன். அமெரிக்காவில் யாரோ டிவிக்குள் ஒரு பந்தையும் இரண்டு மட்டையையும் ஓடவிட்டாராம். ஜப்பானில் சீட்டுக்கட்டு விற்ற கம்பெனி பிறகு கேம் விற்றதாம். எண்பதுகளின் நடுவில் திண்டிவனத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றிலும் ஒரு கேம் பிறந்தது என்று ஒருவரும் எழுதக் காணோம். அந்தக் கேமை எழுதியவள் நான். அதனால் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு.

அங்கே நான் டைப்ரைட்டிங் டீச்சர். ஹையர் பரீட்சை பாஸ் செய்தவள். இன்ஸ்டிட்யூட் நடத்திய சார், பக்கத்துத் தெருப் போட்டிக்காரரை மிரட்டுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பலகையில் 'கம்ப்யூட்டர் வகுப்பு' என்று எழுதியதோடு அவர் வேலை முடிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். உள்ளே போன பிறகு என்ன செய்வது என்று அவருக்கும் தெரியாது. மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி நானாகவே புரோகிராம் எழுதப் பழகிக்கொண்டேன்.

என் கேமில் காக்கை வந்து மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலையைக் கொத்தும். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கல் பறக்கும். காக்கை என்பது 'வி' என்ற இங்கிலீஷ் எழுத்து. மல்லாட்டை வெறும் புள்ளி. ஆடுகிறவருக்கும் கொஞ்சம் நல்ல மனசு வேண்டும்.

கரண்ட் போனால் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் ஏது? தினமும் முதல் வரியிலிருந்து மறுபடி அடிப்பேன். பல மாதம் கழித்துத்தான் சார் ஒரு டேப் ரெக்கார்டரை இணைத்துக் கொடுத்தார். புரோகிராமைக் கேசட்டில் பதிந்து வைத்து, வேண்டும்போது ஓடவிட்டுத் திரும்பக் கொண்டுவரலாம். எனக்கு மோட்சம் கிடைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் அப்பா கெடு வைத்திருந்தார்.

"எத்தினி நாளு அந்த டிவியப் பாத்துக்கினு குந்திக்கினு இருப்ப? தீபாவளிக்குள்ள ஒரு நல்ல வேல கெடச்சா போ. இல்லன்னா பெருமுக்கல்காரங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன்."

பெருமுக்கல் மாப்பிள்ளை நல்லவர் என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் நிபந்தனை. நல்லவர் வீட்டில் அடைந்துகிடக்க எனக்கு விருப்பமில்லை.

சாருக்குத் தெரிந்த ஒரு மேனேஜர் மெட்ராஸ் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தார். விஜயதசமி அன்று விழுப்புரத்தில் மாமனார் வீட்டுக்குப் போகிற வழியில் இறங்கி என் கேமைப் பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் புரோகிராம் எழுதும் வேலைக்கு எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. மெஷின்களைத் துடைத்து, பொட்டு வைத்து, பொரி படைத்துவிட்டால் மறுநாள் காலைவரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது. டைப்ரைட்டர்களுக்கெல்லாம் நான்தான் சந்தனம் வைத்தேன். கம்ப்யூட்டருக்கும் வைத்தேன்.

"கேசட்டுக்கும் ஒண்ணு வையிம்மா," என்றார் சார். "நாளைக்கு வேல செய்யப்போறதே அதானே?"

நியாயமாகத்தான் பட்டது. என் வாழ்க்கையே அதற்குள் இருக்கும்போது ஒரு பொட்டோடு நிறுத்த மனம் வரவில்லை. முன்பக்கம், பின்பக்கம், நாடா வெளியே தெரியும் ஓரம் என்று தாராளமாக வைத்தேன். சந்தனத்தைக் கொஞ்சம் தண்ணியாகவே கரைத்திருந்தேன்.

காலையில் மேனேஜர் வந்து உட்கார்ந்தார். கேசட்டைப் போட்டேன். அது இரண்டு சுற்று சுற்றி, ஒரு முனகல் முனகி நின்றது. வெளியே இழுத்தால் நாடா சேமியா மாதிரி கொத்தாக வந்தது. காய்ந்த சந்தனம் உள்ளே அப்பியிருந்தது.

"அய்யய்யோ, பேஜாரா பூடுச்சே!" என்று சார் தலையில் கை வைத்தார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லைங்க, இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

தீபாவளிக்குள் எனக்கு இன்னொரு நாள் இல்லை. "கொஞ்ச நேரம் இருங்க சார், ஜல்தியா அடிச்சிட்றேன்," என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கரண்ட் போய்ப் போய் வந்த புண்ணியத்தில் ஒவ்வொரு வரியும் விரலுக்கு மனப்பாடம். கீழே குனியாமல், மூச்சு விடாமல் அடித்தேன். அன்றைக்கென்று கரண்ட் போகவில்லை. கடைசி வரியை முடித்து ஓடவிட்டதும் காக்கை வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"கல்லு வுட்டுப் பாருங்க சார்," என்று திரும்பினேன். மேனேஜர் திரையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இருக்கட்டும்மா. இவ்ளோ வேகமா அடிக்கிறீங்களே! எங்க ஆபீஸ்ல டைப்பிஸ்ட் போஸ்ட் ஒண்ணு காலியா இருக்கு. வர்றீங்களா?"

அந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கி அவர் மேலேயே போட்டுவிடலாமா என்று ஆத்திரம் வந்தது. பெருமுக்கல் ஞாபகமும் வந்தது. "வர்றேன் சார்," என்றேன்.

மகளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் மெட்ராஸில் அக்கா வீட்டில் தங்கி வேலைக்குப் போனேன். முதல் நாள் மேனேஜர் கையால் எழுதிய ஒரு தாளை நீட்டினார். பேப்பருக்குக் கொடுக்க வேண்டிய விளம்பரம். புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் உடனே தேவை என்று இருந்தது.

"எங்க தேடியும் ஆளே கெடைக்கலம்மா," என்று அலுத்துக்கொண்டார்.

ஒரு பிழையில்லாமல் அடித்து, இரண்டு கார்பன் காப்பியோடு அவர் மேசையில் வைத்தேன்.