விறகுக்குப் பின்னால் வைத்த கேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் மனைவி ஊதத் தொடங்கினாள். முகம் உருண்டையானது, வயிறு தள்ளியது, கைகால் மட்டும் குச்சியாக இளைத்தது. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போனது. "வூட்டுக்காரருக்கு மேட்டுப்பாளையம் கம்பெனியில வேல கெடச்சதுலேருந்து நல்ல சாப்பாடு போலக்கீது" என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க அவளுக்கு என் தோள் வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மண்டைக்குள் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் உடம்பில் அளவு மீறி இப்படி ஊதுமாம். டாக்டர் இரண்டு பரிசோதனை எழுதினார். ஒன்று, ராத்திரி ஒரு மாத்திரை, காலையில் ரத்தம். நல்ல உடம்பென்றால் அந்த மாத்திரைக்குக் கார்டிசால் அடங்கிவிடும். இன்னொன்று, ஒரு முழு நாள் சிறுநீரைச் சொட்டு விடாமல் கேனில் பிடித்துக் கொடுப்பது. இரண்டும் ஒத்துப்போனால் மெட்ராசுக்கு ஆபரேஷனுக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

ரத்தம் கொடுத்தாயிற்று. கேன் வைத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து, என் தங்கையின் மாமியார் வீட்டார் தாம்பூலத் தட்டோடு கல்யாணப் பத்திரிகை வைக்க வந்து நின்றார்கள். பத்திரிகை வைக்க வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? எங்களுக்கு இருந்தது ஒரே அறை. கேனை விறகுக்குப் பின்னால் தள்ளி, மேலே சாக்கைப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த திருப்தி எனக்கு. அவர்கள் கிளம்புவதற்குள் அவள் மூன்று தடவை வெறுங்கையோடு கொல்லைக்குப் போய்வந்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் டாக்டர் கேனைத் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு இவ்ளோதானாம்மா? முழுசா புடிச்சீங்களா?"

கேட்டது அவளை. அவள் வாயைத் திறப்பதற்குள் முந்திரிக்கொட்டை மாதிரி நான் குதித்தேன். "முழுசாத்தான் சார். இவ தண்ணியே சரியா குடிக்கமாட்டா." படித்த மனிதரிடம் திட்டு வாங்கப் பயம். பாழாய்ப்போன கௌரவம். அந்த வாயை இன்றைக்கும் அறைய வேண்டும்போல் இருக்கிறது.

வெளியூருக்குப் போன ரிப்போர்ட் சில வாரம் கழித்து வந்தது. ரத்தத்தில் கார்டிசால் அடங்கவில்லை. குறையாகப் பிடித்த சிறுநீரில் அளவு சரியாக இருந்தது. டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறிமாறிப் பார்த்தார்.

"ஒடம்பு பருமனா இருந்தா மாத்திர டெஸ்ட் தப்பாவும் காட்டும். இதத்தான் நம்பணும்" என்று சிறுநீர் ரிப்போர்ட்டைத் தட்டினார். "மூணு மாசம் கழிச்சு பாக்கலாம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரிப்போர்ட்டை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "என்னைத்தான கேட்டாரு? நீங்க ஏன் சொன்னீங்க?"

இரண்டாம் மாதம் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே விழுந்தாள். கார்டிசாலால் எலும்பு அரித்துப்போய் முதுகெலும்பு நொறுங்கியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் மறுபடியும் ஒரு கேன் வைத்தார்கள். வேலைக்கு லீவு போட்டு, ஒவ்வொரு தடவையும் நானே ஏந்தி ஊற்றினேன்.

அடுத்த நாள் அதே டாக்டர் வந்தார். "இந்தத் தடவ முழுசா புடிச்சீங்களாம்மா?"

இந்தத் தடவை அவளே சொல்லட்டும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவளோ படுத்தபடியே தலையை மட்டும் திருப்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.